பக்க ஓரத்து அபலை

பூந்தமல்லியில் பழைய தேவாலயம் ஒன்றை ஒட்டி இரண்டு அறை நூலகம் இருக்கிறது. அங்கே வாரத்தில் மூன்று நாள் தொண்டு செய்கிறேன். தொண்டு என்பது நான் வெளியே சொல்லிக்கொள்ளும் சொல். என் கணவர் அதை "வீட்ல மூணு நாள் நிம்மதி" என்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் தட்டச்சு செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். அதற்கடுத்த மாதமே கொரட்டூர் வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருப்பது என்று எங்களுக்குள் தகராறு தொடங்கியது. அவர் ஜெயித்தார். நான் நூலகத்துக்குப் போனேன்.

நூலகத்தில் எட்டு தேக்கு அலமாரிகள், நாற்பது கட்டு ஓலைச்சுவடிகள், அட்டை பிய்ந்த பழைய அச்சு நூல்கள், வெள்ளைக்காரர் யாரோ கையால் வண்ணம் தீட்டிய செடிகொடிப் படங்கள் இருக்கின்றன. தூசி தட்டுவது, பட்டியல் எழுதுவது, ஓலைகளுக்கு எண்ணெய் தடவுவது, இவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. வருகிறவர்களுக்குக் கதை சொல்வது நானாக எடுத்துக்கொண்டது. கம்பெனியில் இத்தனை வருடம் அடுத்தவர் சொன்னதையே அடித்த விரல்களுக்கு இங்கே விடுதலை கிடைத்ததும், வாய் தன் பங்குக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஓலைக்கட்டு காட்டில் தவம் செய்த சித்தர் எழுதியது என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவடி படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து, அது தீவனம் தின்னாத மாட்டுக்கு என்ன மருந்து கொடுப்பது என்பதைப் பற்றியது என்றார். அடுத்த கூட்டம் வந்தபோது அதை எழுதியவரை அரண்மனை மாட்டு வைத்தியராக்கினேன். இதை வாசலில் நின்று கேட்ட நூலக உதவியாளர் சும்மா இருக்கவில்லை.

"இன்னாக்கா, போன வாரம் சித்தர்ன. இன்னிக்கு அரமனை வைத்தியர்ன்ற. அந்தாளுக்கு புரமோசன் வந்துட்ச்சா?"

அவர் அயனம்பாக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் வீடுகளான பிறகு இவர் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். என் வயதுதான், இரண்டு மூன்று கூட இருக்கலாம். என்னை "யக்கா" என்பார். வயதில் யார் பெரியவர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, பதில் எனக்குச் சாதகமாக வராது.

இன்னொன்று, ஒரு சின்ன ஜெபப் புத்தகம். அதில் பாதிக்கு மேல் 'ழ' வர வேண்டிய இடமெல்லாம் 'ள' என்றே இருக்கும். அச்சகத்தில் அந்த எழுத்து போதாமல் போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்ன கதையில் அச்சுக்கோப்பவர் ஒரு பெண்ணைக் காதலித்தார், அவள் பெயரில் 'ழ' இருந்தது, அவள் வேறொருவரை மணந்தாள், அவர் அச்சகத்தில் இருந்த 'ழ' எல்லாவற்றையும் அள்ளிக் கிணற்றில் போட்டார். ஆவடியிலிருந்து வந்த ஓர் அம்மா இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு காரியத்தில் மட்டும் நான் கறார். நூலகத்துக்கு வந்த முதல் வாரமே ஓர் அட்டையில் 'நூல்களில் எழுதுவோர் நாகரிகமற்றவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினேன். பேனாவோடு யார் உள்ளே நுழைந்தாலும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வையைக் கம்பெனி மேலாளரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஓர் ஆய்வு மாணவி வந்தாள். முப்பது வயதிருக்கும். மதுரைப் பக்கத்துப் பெண். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில், பழைய காலத்தில் பெண்கள் எதைப் படித்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். பெண்களுக்குப் புத்தி சொல்லும் பழைய அச்சு நூல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்று இருந்தது. தலைப்பே அரைப்பக்கம் நீளும். எப்போது எழ வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எவ்வளவு சிரிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் சத்தமில்லாமல் படித்தாள். மூன்றாம் நாள் என் மேசைக்கு ஓடி வந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம் வாங்களேன். யாரோ ஒரு அம்மா இதுல பென்சில்ல எழுதியிருக்காங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. "யாரது, எந்த நாகரிகமில்லாதவ?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து, மங்கி சாம்பல் நிறமாக இருந்தது. மனைவி கணவனுக்கு முன்னால் எழுந்து, அவன் எழும்வரை ஓசையில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று நூல் சொல்லும் இடத்தில், 'ஆசிரியர் வீட்டில் சேவல் இல்லை போலும்' என்று எழுதியிருந்தது. பெண் பல் தெரியச் சிரிக்கக் கூடாது என்ற இடத்தில், 'சிரித்துவிட்டேன். இனி என்ன செய்வது?' என்று இருந்தது.

"ஐ எழுத்தப் பாருங்க மேடம். லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. நடையும் அந்தக் காலத்து நடை. குறைஞ்சது நூறு வருஷமாவது இருக்கும்," என்றாள்.

அது யார் எழுத்து என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. இதை எழுதாமல் விட்டால், நான் எல்லாம் தெரிந்து நடித்ததாக ஆகிவிடும். உண்மையாகவே அந்த வரிகளைப் படித்து நானும் அசந்துபோனேன். "கெட்டிக்காரிம்மா இவ," என்று வாய்விட்டுச் சொன்னேன். என்னை நானே அவ்வளவு மனதாரப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அவள் இன்னும் சில பக்கம் புரட்டினாள். 'மூன்றாம் நாளாக அவர் வரவில்லை. எனக்கென்ன' என்று ஒன்று. அதற்கடுத்த பக்கத்தில், 'பன்னிரண்டு நாற்பதும் போய்விட்டது. இனி எனக்கு வழியில்லை. இப்படிக்கு, ஓர் அபலை.'

பன்னிரண்டு நாற்பது. அது நசரத்பேட்டை போகும் பஸ். மதியம் அதை விட்டால் இரண்டு மணிக்குத்தான் அடுத்தது. நான் பிறந்து வளர்ந்தது நசரத்பேட்டை. பிளஸ் டூ படித்தது பூந்தமல்லியில். வேதியியல் வாத்தியார் அடிக்கடி லீவு போடுவார். அந்த நாட்களில் மதியமே பள்ளியை விட்டு இந்த நூலகத்துக்கு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பஸ் வரும் வரை கையில் கிடைத்ததைப் படிப்பேன். பழைய புத்தகங்களில் தும்பிக்கை வைத்த எழுத்துகளைப் பார்த்து, ஆஹா, இப்படி எழுதினால் அல்லவா பெரிய ஆளாகத் தெரியும் என்று நானும் அப்படியே எழுதப் பழகினேன். பள்ளியில் அப்போது எழுதச் சொன்னது அரசு திருத்திய புது எழுத்து. பரீட்சையிலும் தும்பிக்கை போட்டுத் தமிழ் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். மூன்று நாளாக வராத 'அவர்' அந்த வேதியியல் வாத்தியார். அபலை, கல்லூரிக்குப் போனதும் எழுத்தாளர் ஆகிவிடுவது என்று முடிவு செய்திருந்த ஒரு பதினேழு வயது திமிர் பிடித்தவள்.

சொல்லியிருக்கலாம். "அம்மா, இது நான்தான்," என்றால் அத்தோடு முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "என்ன மூளை மேடம் இவங்களுக்கு! இந்த மாதிரி ஒருத்தரத்தான் நாலு வருஷமா தேடிட்டு இருந்தேன்."

முப்பத்து மூன்று வருடத்தில் என் மேலாளர் எனக்குச் சொன்ன உச்சபட்சப் பாராட்டு, "தப்பில்லாம இருக்கு." திறந்த வாயால், "ஆமாம்மா, பாவம்," என்று மட்டும் சொல்லி மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அபலையைப் பற்றிப் புதிதாக ஏதாவது கண்டுபிடித்து வந்தாள். பன்னிரண்டு நாற்பது என்பது ரயில் என்றாள். ரயில் வந்த பிறகுதான் ஜனங்கள் நிமிடக் கணக்கில் நேரம் சொல்ல ஆரம்பித்தார்கள், கணவன் அந்த ரயிலில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியிருக்க வேண்டும் என்றாள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அவள் ஒரு முட்டாள் அல்ல. எழுத்து, தாள், நடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒழுங்காக எடைபோட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சாட்சி வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் என்ன செய்வாள்?

வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. திறந்தேன். "எனக்கென்னமோ இவங்க நசரத்பேட்டைப் பக்கமா இருக்கும்னு தோணுது," என்றேன் ஒருநாள்.

"எப்படி மேடம்?"

"மனசுல பட்டுது."

அதை அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு பேர் எழுத்து இருந்தது. 'சுதந்திறம் கேட்டுப் பெறுவதன்று' என்று அபலை எழுதியிருந்தாள். அதன் கீழே வேறொரு கையெழுத்தில், பேனாவால், 'ற தவறு' என்று இருந்தது. பேனாக்காரர் சொன்னதுதான் சரி. சுதந்திரத்துக்கு சின்ன ர. எனக்கு அப்போதும் அது தகராறு, இப்போதும் அப்படித்தான். ஆனால் மாணவி அதைப் பிழை என்றே நினைக்கவில்லை.

"திறம்னு முடிக்கிறாங்க பாருங்க மேடம்! சுதந்திரம்ங்கிறது கேட்டு வாங்குறது இல்ல, நம்ம திறம்னு ஒரே சொல்லுக்குள்ள வச்சிருக்காங்க. கீழ எழுதுனவனுக்கு அது புரியல. ஆம்பள. திருத்துறான். இந்த ஒரு பக்கத்துக்கே நான் நாலு பக்கம் எழுதியிருக்கேன்."

அன்று பஸ்ஸில் போகும்போது, ஒருவேளை நான் அப்படித்தான் நினைத்து எழுதியிருப்பேனோ என்று யோசித்தேன். கொரட்டூர் வருவதற்குள், நிச்சயமாக அப்படித்தான் என்று நம்பியும்விட்டேன்.

அபலை என் கதைகளிலும் நுழைந்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கங்களைக் காட்டி, அவள் கணவனுக்கு ஒரு மீசை கொடுத்தேன், கப்பல் கொடுத்தேன், அவன் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டேன். விஷயம் ஃபாதர் காதுக்குப் போயிற்று. நூலகம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. நல்ல மனிதர், எதையும் சீக்கிரம் செய்து பார்க்கிறவர். ஒரு சின்னக் கண்காட்சி வைக்கலாம், அதில் அபலைக்குத் தனிப் பலகை வைக்கலாம் என்றார். தேவாலயத்துக்கு வரும் ஓர் ஓவியரிடம் சொல்லி அவள் எப்படி இருந்திருப்பாள் என்று ஒரு படமும் வரையச் சொல்லிவிட்டார்.

படம் வந்தது. மெலிந்த முகம், தலையில் முக்காடு, நீளமான கண்கள், ஒரு கன்னத்தில் ஒற்றைக் கண்ணீர்த் துளி. ரெட்டைச் சடையும் முகம் முழுக்கப் பருவுமாக மின்விசிறிக்குக் கீழே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பெண்ணுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று ஃபாதர் கேட்டார். "அப்படியே இருக்காங்க ஃபாதர்," என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் மாணவி ஒரு டப்பா பால்கோவா கொண்டுவந்து நீட்டினாள். அபலை அவளுடைய ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமாகிவிட்டாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஒத்துக்கொண்டுவிட்டார். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் வாசிக்கப் போகிறாள். "உங்களுக்குத்தான் மொதல்ல நன்றி போட்டிருக்கேன் மேடம்," என்றாள்.

பால்கோவா டப்பாவைத் திறக்காமலே மேசைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்ன பண்ணிட்டு வந்த?" என்றார். முப்பது வருடம் கூட இருந்தால் உப்பிலேயே தெரிந்துவிடும் போல. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தண்ணீர் குடித்தார், மறுபடி சிரித்தார். "அபலையா? நீயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா உனக்கா அசிங்கம்? நீ ஏதோ பொழுதுபோகாத கெழவின்னு விட்டுடுவாங்க. அந்தப் பொண்ணு நாலு வருஷம் உழைச்சிருக்கு. காலைல மொதல் வேலையா போன் போட்டுச் சொல்லு."

போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நூலகத்துக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். அந்தப் புத்தகத்தையே நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படி எப்படியோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் வந்தது இதுதான்: "இந்த அபலை இருக்காளே, அது நான்தாம்மா."

அவள் முகம் மென்மையாயிற்று. என் கைமேல் கை வைத்தாள்.

"எனக்குப் புரியுது மேடம். படிக்கும்போது எனக்கே சில சமயம் அவங்க நான்தான்னு தோணும்."

"இல்லம்மா. தோணல. நானேதான். பென்சிலால எழுதுனேன்."

இப்போது அவள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. கோபமில்லை, கவலை. கருத்தரங்கு, கண்காட்சி, படம் என்று எல்லாம் கூடிவரும் நேரத்தில், மாட்டு மருந்து ஓலைக்கு அரண்மனை வைத்தியர் கொடுத்த அம்மாவுக்கு அபலையாகவே ஆக ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். என் சரித்திரத்தைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன், வாத்தியாரைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு தாளை நீட்டி, "இந்த வரிய எழுதிக் காட்டுறீங்களா?" என்றாள். எழுதினேன். நாற்பது வருடத்தில் என் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தும்பிக்கை போடப் பார்த்தேன், அது நண்டுக் கால் மாதிரி வந்தது. அவள் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "ரெஸ்ட் எடுங்க மேடம்," என்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லி நம்ப வைத்திருக்கிறேன். ஒரே ஓர் உண்மையைச் சொல்லி நம்ப வைக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. ஓவியர் வரைந்த மாதிரி ஒற்றைத் துளி இல்லை, மூக்கு ஒழுகும் அழுகை.

அலமாரிக்குப் பக்கத்தில் துணியோடு நின்றிருந்த அயனம்பாக்கத்துக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"அதுதாம்மா எழுதுச்சு. நான் பாத்துகினு தான இருந்தேன்."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"அப்போ எனக்கு வேலை இல்ல. பேப்பர்ல வேலை காலி பாக்க டெய்லி இங்க வருவேன். இது எதிர் டேபிள்ள குந்திகினு கடலைய துன்னுகினே எழுதிகினு இருக்கும். போனப்புறம் இன்னாதான் எழுதுதுன்னு போய் பாப்பேன். நல்லா தான் எழுதுச்சு. ஒரு எடத்துல தப்பா எழுதியிருந்துச்சு. மனசு கேக்கல, பேனா இருந்துச்சு, போட்டுட்டேன்."

மாணவி புத்தகத்தைத் திறந்து, 'ற தவறு' என்ற இடத்தில் விரல் வைத்தாள். "இது நீங்களா?"

"ஆமாம்மா. தமிழ்ல நான் இஸ்கூல் பர்ஸ்ட்டு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கேன் அண்ணே. பொம்பள எழுதுறது பொறுக்காத ஆம்பளன்னு."

"நானா?" என்றார் அவர். உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது அவருக்கு. "எங்கூட்ல நான் வாயத் தொறந்தே வருசம் ஆவுது."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன். "இங்க நான் வந்த நாள்லயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம இன்னா? மூஞ்சி மாறும், பேச்சு மாறுமா? சொல்லலாம்னு தான் பாத்தேன். நீ வந்ததும் வராததுமா எழுதுறவன் நாகரிகம் இல்லாதவன்னு போர்டு மாட்டிட்ட. சரி, திருந்திட்ச்சு போலன்னு உட்டுட்டேன்."

மாணவி இன்னும் சமாதானமாகவில்லை. இரண்டு வயதானவர்கள் சேர்ந்து கதை கட்டுகிறார்களோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவள், எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்றுதான் கேட்டாள். அயனம்பாக்கத்துக்காரர் யோசித்து, "பழைய வருகை ரிஜிஸ்டரெல்லாம் பரண் மேல கீது," என்றார். ஏணி கொண்டுவந்து அவரே ஏறினார். ஒரு மணி நேரம் தும்மிக்கொண்டே தேடினோம். மூன்றாவது பதிவேட்டில் நான் இருந்தேன்.

பெயர், பள்ளி, ஊர், கேட்டு வாங்கிய நூல், எல்லாம் அதே பென்சில், அதே தும்பிக்கை. வாரம் இரண்டு மூன்று நாள் வந்திருக்கிறேன். மாணவி புத்தகத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். பிறகு கடைசிக் கட்டத்தில் அவள் கண் நின்றது. 'வந்த நோக்கம்' என்ற கட்டம். மற்றவர்கள் எல்லாரும் நாளிதழ், பாடம் என்று எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் 'ஆராய்ச்சி' என்று எழுதியிருந்தேன்.

முதலில் சிரித்தது அவள்தான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "என் அத்தியாயம் போச்சு மேடம்," என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "கொஞ்ச நாள் என்கிட்ட பேசாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அது சரியான தண்டனை. எனக்குப் பேசாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

ஃபாதரிடமும் சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்தார். "ஓவியர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றார். போய்ச் சொன்னேன். ஓவியர் கோபித்துக்கொள்ளவில்லை, படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். அவர் மனைவிக்கு அது யார் என்று இன்றுவரை சந்தேகம் என்று கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்து மாணவி திரும்பி வந்தாள். கையில் ஒலிப்பதிவுக் கருவியும் ஐந்து பக்கக் கேள்வித்தாளும் இருந்தன. பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டு, மறுநாள், "ஓரத்தில் எழுதினவங்க உயிரோட எதிர்ல உட்கார்ந்திருக்கிறது யாருக்கு வாய்க்கும்? போய்க் கேள்," என்று அனுப்பியிருக்கிறார். அத்தியாயம் போகவில்லை, மாறியது. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணும் வேலை தேடும் ஒரு பையனும் ஒரு பழைய புத்தகத்தின் ஓரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அது ஆயிற்று.

நான்கு நாள் கேள்வி கேட்டாள். எதற்கு அந்தப் புத்தகத்தை எடுத்தேன்? அட்டை நன்றாக இருந்தது. எழுதும்போது யார் படிப்பார்கள் என்று நினைத்தேன்? உலகம் முழுவதும். கல்லூரியில் ஏன் எழுதவில்லை? கல்லூரிக்கே போகவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, தட்டச்சு கற்றுக்கொண்டு வேலைக்குப் போனேன். இதைச் சொல்லும்போது ஏதாவது ஒரு மீசையோ கப்பலோ சேர்க்கத் தோன்றியது. அவள் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சேர்க்கவில்லை.

"அந்த சுதந்திறம்?" என்று நானே மெல்லக் கேட்டேன். "அந்த அர்த்தம் இருக்குமா, எடுத்துட்டியா?"

"அடிக்குறிப்புல இருக்கு மேடம். என் தப்புன்னு போட்டிருக்கேன்."

கருத்தரங்குக்கு என்னையும் கூட்டிப்போனாள். அயனம்பாக்கத்துக்காரரையும் அழைத்தாள். தன்னைப் பற்றி எழுதிய நான்கு பக்கமும் நீக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தார். மேடையில் அவள் தான் எங்கே தடுக்கி விழுந்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்துப் பேசினாள். நன்றாகப் பேசினாள். முடிந்ததும் ஒருவர் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: அன்று எழுதியபோது, அந்த நூலின் மேல் எனக்கு இருந்தது கோபமா, கேலியா?

அரங்கமே திரும்பியது. அச்சுக்கோப்பவருக்குக் காதலியைக் கொடுத்தவள் நான். இதற்கு ஒரு பதில் கட்டுவது எவ்வளவு நேர வேலை? மைக்கை வாங்கினேன். "ஞாபகம் இல்லீங்க," என்றேன். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அயனம்பாக்கத்துக்காரர், "பரவால்லக்கா, தண்ணி குடி," என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வயதான பேராசிரியர் என்னைத் தேடி வந்தார். தெற்கே ஒரு சிறு ஊர் நூலகத்திலும் இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதாம். அதன் ஓரத்திலும் ஒரு பெண் எழுதியிருக்கிறாளாம். "அதுவும் நீங்களா இருக்குமா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, ஆசையாகத்தான் கேட்டார்.

அந்த ஊருக்கு நான் போனதே இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எதுக்கும் ஒருதரம் பாத்துடுங்க," என்று போனை நீட்டினார். மை எழுத்து. பழுப்பேறியிருந்தது. சின்னச் சின்ன எழுத்து, அவசரமில்லாத கை.

'மழை வந்துவிட்டது. துணி எடுக்கவில்லை. இந்தப் பக்கம் முடியட்டும்.'

இரண்டு தரம் படித்தேன். என் சேவலையும் அபலையையும் விட எவ்வளவோ நன்றாக இருந்தது. முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

"யாருன்னு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலம்மா. இந்த ஒரு வரிதான் இருக்கு."

அவளுக்கு ஒரு வீடு, ஒரு மாமியார், மொட்டை மாடியில் நனைந்துகொண்டிருக்கும் துணிகள் என்று எனக்குள் எல்லாம் வரிசையாக வர ஆரம்பித்தன. எதையும் சொல்லவில்லை. அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். பாயசம் வருவதற்குள் அனுப்பிவிட்டார்.